கவட்டைக் குச்சி

என் மைத்துனர் மனைவியின் நகைகளை அடகு வைத்து மூன்று ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டார். மூன்றிலும் வந்தது புழுதிதான். மூன்று இடங்களையும் காட்டியது ஒரு வேப்பங்கவட்டை.

அப்படியொரு பச்சைக் கவட்டையை வெட்டி நானும் பிடித்துப் பார்த்தேன். உள்ளங்கை மேல்நோக்க, இரு கொம்புகளையும் விரித்து இறுக்கிக்கொண்டு என் தோட்டத்தில் நடந்தேன். மாமரத்தடியில் நுனி சட்டென்று குனிந்தது. மெய் சிலிர்த்தது, பொய் சொல்வானேன்? பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு, பையன் தோளைப் பிடித்து நடத்த, அதே வழியில் போனேன். இப்போது குப்பைக் குழியருகே குனிந்தது!

விரித்த கவட்டை நாணேற்றிய வில் மாதிரி. மணிக்கட்டு நூலளவு திரும்பினால் நுனி சாய்ந்துவிடும். திருப்புவது நம் கைதான், நமக்கே தெரிவதில்லை. ஆகவே நீரோட்டம் பார்ப்பவரை மோசக்காரர் என்று சொல்ல மாட்டேன். அவரும் நம்புகிறார். ஆபத்தே அதுதான்.

"பலருக்குத் தண்ணீர் வந்திருக்கிறதே?" என்பீர்கள். ஊறிய கிணற்றை ஊரே பேசும். வறண்ட கிணற்றைக் கடன்காரன் மட்டும் பேசுவான். 1987-88-இல் ஜெர்மனியில் மியூனிச் அருகே, கொட்டகையின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்துச் சோதித்தார்கள். மேல்தளத்தில் நடந்த குச்சிக்காரர்களில் பெரும்பாலோர் குருட்டு யூகத்துக்கு மேல் தேறவில்லை.

நம் பாறை நிலத்தில் நீர் தங்குவது வெடிப்புகளில். மண்ணின் மின்தடையை அளந்து அதைத் தேடும் கருவி உண்டு. கருவியும் தவறலாம், தவறினால் ஏன் என்று கேட்கலாம். குச்சி தவறினாலோ, "உங்கள் ராசி" என்று பதில் வருகிறது.

நகை போனது போதாதா? பழியையும் அந்த அம்மாளின் ராசிதான் சுமக்க வேண்டுமா?