இரவில் தொலையும் பாடம்



காலை மதரஸாவில் என் முன் அமரும் பிள்ளைகளுள் ஒருவன் 12 வயதுச் சிறுவன். சென்ற ஆண்டு வரை ஒரு சூராவை இரண்டே நாளில் மனனம் செய்து ஒப்பித்தவன். இவ்வாண்டோ, நேற்று ஓதிய மூன்று ஆயத்துகளை இன்று மறந்து நின்றான். கண்கள் எழுத்தின் மீது இருக்கும்; கருத்து அங்கே இராது. பல பிள்ளைகளின் முன்னிலையில் அவனைச் ‘சோம்பேறி’ என்று கடிந்து கொண்டேன்.

அவனுடைய தாயாரிடம் விசாரித்தபோதுதான் உண்மை விளங்கிற்று. தகப்பனார் சவூதியில் பணிபுரிகிறார். வேலை முடிந்து, சமைத்து உண்டு, இரவு 8.30க்கு அவர் வீட்டாரை அழைக்கும்போது நம் ஊரில் மணி 11. வாப்பாவின் முகத்தைக் காண்பதற்காகப் பிள்ளை விழித்திருக்கிறான். பேச்சு முடிந்ததும் செல்போன் அவன் கையிலேயே தங்கிவிடுகிறது. உம்மா உறங்கிய பின், போர்வைக்குள் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு தொடங்குகிறது. அவன் கண்ணயரும்போது மணி ஒன்றைத் தாண்டிவிடும். பஜ்ருக்கு எழுப்பினால், நான்கு மணி நேர உறக்கத்துடன் என் முன் வந்து அமர்கிறான்.

6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் வேண்டும். 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் அளித்த பரிந்துரை இது. பகலில் படித்தவற்றை மூளை ஒழுங்குபடுத்திப் பதிய வைப்பதில் இரவு உறக்கத்துக்குப் பெரும் பங்குண்டு. உறக்கத்தைப் பறிகொடுத்த பிள்ளை, இன்று கேட்கும் பாடத்தை மட்டுமன்று, நேற்றுக் கற்றதையும் சேர்த்தே இழக்கிறான். அத்தகைய பிள்ளை எப்போதும் தூங்கி வழிவான் என்பதும் இல்லை. சிலர் எரிந்து விழுவர். சிலர் ஓரிடத்தில் அமர மாட்டார்கள். நாம் அதற்கு ‘முரட்டுத்தனம்’ என்று பெயரிட்டு விடுகிறோம்.

இருள் சூழ்ந்ததும் உறக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலடோனின் என்னும் சுரப்பு நம் உடலில் பெருகுகிறது. கண்ணருகே ஒளிரும் திரை அதனைத் தாமதப்படுத்துகிறது. அதனுடன் விளையாட்டின் பரபரப்பும் சேர்ந்தால், செல்போனை வைத்த பின்னும் உறக்கம் எளிதில் வருமா?

விளையாட்டே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மைதானத்தில் பந்தாடும் பிள்ளைகள், மஃரிப் பாங்கு கேட்டதும் பந்தை எடுத்துக் கொண்டு வீடு திரும்புகின்றனர். செல்போன் விளையாட்டுக்குப் பொழுது சாய்வதே இல்லை. ஓர் ஆட்டம் முடியும் முன்பே அடுத்தது அழைக்கிறது. நாள்தோறும் வந்தால் பரிசு. வராவிட்டால் கூட்டாளிகள் முன்னேறிவிடுவர். பெரியவர்களே தடுமாறும் இந்த வலையிலிருந்து, நள்ளிரவில் தனியே ஒரு சிறுவன் எழுந்து வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

தென்கொரியா 2011இல் ஒரு சட்டம் இயற்றி, 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு 12 முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டுகளில் ஈடுபடுவதைத் தடுத்தது. பத்தாண்டுகளுக்குப் பின் அதனைக் கைவிட்டு, நேரத்தை வரையறுக்கும் பொறுப்பைக் குடும்பங்களிடமே விட்டது. ஆக, பூட்டும் சாவியும் இறுதியில் நம் வீட்டுக்கே வந்து சேர்கின்றன.

இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் பொழுதைக் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதை நாம் அறிவோம். அந்த ஒழுங்கு நம் இல்லங்களில் மீண்டும் வரட்டும். இரவானதும் வீட்டிலுள்ள எல்லாச் செல்போன்களும், பெரியவர்களுடையது உட்பட, கூடத்தில் ஓரிடத்தில் உறங்கட்டும். பிள்ளை விளையாட விரும்பினால், பள்ளி விட்டு வந்த பின் நேரம் வரையறுத்து விளையாடட்டும். நடு ஆட்டத்தில் பிடுங்காதீர்கள்; “இந்த ஆட்டத்தோடு நிறுத்து” என்று முன்கூட்டியே சொல்லுங்கள். உறங்கும் நேரத்தைச் சில நாட்களுக்கு ஒரு முறை கால் மணி நேரம் முன்னுக்குக் கொண்டு வாருங்கள்.

கடல் கடந்து உழைக்கும் தந்தையரே! உங்கள் ஏக்கத்தை அறியாமல் எழுதவில்லை. அந்தச் சிறுவனின் தகப்பனார் இப்போது வெள்ளிக்கிழமை மாலையில் மகனுடன் ஆற அமரப் பேசுகிறார். மற்ற நாட்களில் இரவே குரல் பதிவு ஒன்றை அனுப்பி வைக்கிறார். மகன் காலையில் வாப்பாவின் ஸலாமைக் கேட்டுவிட்டு மதரஸாவுக்கு வருகிறான்.

எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவன் கண்கள் தெளிந்திருக்கின்றன. எந்தப் பிள்ளைகளின் முன்னிலையில் அவனைச் சோம்பேறி என்றேனோ, அவர்கள் முன்னிலையிலேயே அவனிடம் வருத்தம் தெரிவித்தேன். உங்கள் பிள்ளையைக் கடிந்து கொள்ளும் முன், நேற்றிரவு அவன் எத்தனை மணிக்கு உறங்கினான் என்று ஒரு முறை கேளுங்கள். அந்த நேரத்தில் நம் கையில் என்ன இருந்தது என்பதையும் சிந்திப்போமாக!