வானத்தைப் பார்க்காதே, மலையைப் பார்!

அமெரிக்கா போய்த் திரும்புகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. நயாகராவைப் பற்றிப் பேசியே கொல்கிறவர்கள் ஒரு ரகம். அங்கே முருங்கைக்காய் என்ன விலை என்று சொல்லியே கொல்கிறவர்கள் இன்னொரு ரகம். எங்கள் சோமனூர் மாமா மூன்றாவது ரகம். ஒரு சந்துக்குள் போய் வந்ததைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்!

மாமாவுக்குப் பதினாறு தறி. நாற்பது வருஷமாகத் தறிச் சத்தத்திலேயே வாழ்ந்தவர். அவர் ரகசியம் சொன்னால் கருமத்தம்பட்டி வரைக்கும் கேட்கும். மகள் குடும்பம் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரத்தில். பேரனைப் பார்க்கப் போன மாமாவையும் அத்தையையும், மருமகன் காரில் ஏற்றி நாலரை மணி நேரம் பாலைவனத்திலேயே ஓட்டி, பேஜ் என்கிற ஊருக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அங்கேதான் அந்தச் சந்து. பெயர், ஆண்டிலோப் கேன்யன்.

இந்த மாதிரி இடத்துக்கு 'ஸ்லாட் கேன்யன்' என்று பெயர். நம் பாஷையில் பாறைச் சந்து. அகலம் கம்மி, ஆழம் ஜாஸ்தி. சில இடங்களில் இரண்டு கையையும் முழுசாக நீட்ட முடியாது. நிமிர்ந்து பார்த்தால் 120 அடி உயரத்துக்குச் சுவர். உச்சியில் நூல் மாதிரி வானம். சுவரெல்லாம் ஆரஞ்சு, சிவப்பு, ஊதா என்று பட்டுச்சேலை மடிப்பு மாதிரி வளைந்து வளைந்து போகும்.

"கஷ்டமான ஏத்தமுங்களா மாமா?" என்று கேட்டேன்.

"ஏத்தமாவது ஒண்ணாவது! உள்ளுக்குள்ள பூரா மணல்தரை மாப்ளே. மொத்தமே இருநூறு மீட்டர். உங்கத்தை முழங்கால் வலியோட நடந்துட்டாள்னா பாத்துக்கோயேன். மருதமலைப் படியை விட சுளுவு!"

உண்மைதான். மேல் சந்து, கீழ்ச் சந்து என்று இரண்டு இருக்கின்றன. கீழ்ச் சந்துக்கு இரும்பு ஏணிப் படியில் இறங்க வேண்டும்; நீளமும் ஏறக்குறைய நானூறு மீட்டர். மேல் சந்து குழந்தை குட்டிகளோடு போகிறவர்களுக்கென்றே செய்து வைத்த மாதிரி. அந்த நிலம் நவஹோ என்கிற பூர்வகுடி மக்களுடையது. அவர்களுடைய வழிகாட்டி இல்லாமல் ஒருத்தரும் உள்ளே நுழைய முடியாது. மத்தியானம் மேலேயிருந்து வெயில் தூண் மாதிரி இறங்கும். அதில் மணல் தூசி பறக்கும். தூண் பளிச்சென்று தெரியும். எல்லோரும் 'ஆஹா' என்பார்கள்.

மாமா மட்டும் 'ஆஹா' சொல்லவில்லை. "நம்ம தறிக்குடோன்ல ஓட்டுச் சந்து வழியா வெய்யில் விழுந்து, பஞ்சுத் தூசி பறக்குமே... அதேதான் மாப்ளே! நாப்பது வருஷமா ஓசியில பாத்ததை டாலர் குடுத்துப் பாத்துட்டு வந்தேன்!"

அந்தத் தூசி வெளிச்சத்தை எடுத்த ஒரு புகைப்படத்தை 65 லட்சம் டாலருக்கு விற்றதாக, 2014-ல் ஆஸ்திரேலியப் புகைப்படக்காரர் பீட்டர் லிக் அறிவித்தார். பி.காம். படித்த எனக்கு அன்றிலிருந்து தறிக்குடோன் பக்கம் போனாலே கை பரபரக்கிறது.

சரி, மாமா இத்தனை நாளாக அதையே பேசுவதற்குக் காரணம் வெளிச்சம் இல்லை. ஒரு சண்டை!

முதல் நாள் போனபோது அவரை உள்ளே விடவில்லை. ஆகஸ்ட் மாசம். வானம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. வழிகாட்டிப் பெண் வந்து, "இன்றைக்கு இல்லை, மழை" என்றிருக்கிறாள். மாமாவுக்கு வந்ததே கோபம்! "ஏனம்மிணி, எங்கம்மா மழை? ஒரு சொட்டு காட்டு பாக்கலாம்!" என்று தமிழிலேயே கத்தியிருக்கிறார். அந்தப் பெண் பதறவில்லை. தூரத்தில் தெற்கே கருத்துக் கிடந்த வானத்தைக் கையைக் காட்டினாள். அப்புறம் ஒரு தேதியைச் சொன்னாள்.

1997 ஆகஸ்ட் 12. கீழ்ச் சந்துக்குள் சுற்றுலாக்காரர்கள் இறங்கியிருந்தார்கள். சந்து இருந்த இடத்தில் மழை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஆனால் பல மைல் தள்ளி, மேட்டுப் பக்கத்தில் இடிமழை கொட்டிவிட்டது. பாலைவனத்து மண்ணும் பாறையும் தண்ணீரைக் குடிக்காது. அப்படியே வழித்து விடும். அத்தனை தண்ணீரும் சரிவில் ஓடிவந்து அந்தச் சந்துக்குள் புகுந்தது. குடத்துத் தண்ணீரைப் புனலில் கவிழ்த்த மாதிரி. அப்போதிருந்த மர ஏணிகளும் பிய்த்துக்கொண்டு போய்விட்டன. இறந்தவர்கள் 11 பேர். வழிகாட்டி ஒருவர்தான் பிழைத்தார்.

இப்போது இரும்பு ஏணிகளைப் பாறையில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். மேலேயிருந்து வீசுவதற்கு வலை, வானிலை ரேடியோ, அபாயச் சங்கு எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, 'இன்றைக்கு இல்லை' என்று சொல்ல ஒரு ஆள் உண்டு.

யோசித்துப் பாருங்கள். அந்தச் சந்தைச் செதுக்கியதே இந்த வெள்ளம்தான்! மணலைச் சுமந்துவரும் தண்ணீர் ஆட்டுக்கல் மாதிரி பாறையை அரைத்து அரைத்துத்தான் அந்தப் பட்டுச்சேலை மடிப்பு வந்தது. மேல் சந்துக்கு நவஹோ மொழியில் இருக்கிற பெயருக்கு, 'பாறைகளுக்கு ஊடே தண்ணீர் ஓடும் இடம்' என்று அர்த்தம். அதாவது அது தண்ணீர் வீடு. அது வெளியூர் போயிருக்கும் நேரத்தில் நாம் சுற்றிப் பார்க்கிறோம். வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வருவார். காலிங் பெல் அடிக்க மாட்டார்.

"நடந்து போறது சுளுவா இருந்தா, இடமும் சாதுவா இருக்கும்னு நெனச்சுப் போட்டேன் மாப்ளே" என்றார் மாமா. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்களாம். மறுநாள் போய்ப் பார்த்தாராம்.

சோமனூர்க்காரருக்கு இது தெரியாத சமாசாரமா? நம் நொய்யலையே பாருங்களேன். இங்கே வெயில் கொளுத்தும். மேற்கே வெள்ளியங்கிரி மலைப் பக்கம் மழை வெளுத்தால், காய்ந்து கிடந்த நொய்யலில் தண்ணீர் வந்து நிற்கும். இதெல்லாம் ஆத்தா காலத்திலிருந்து தெரிந்தாலும், அருவிக்குப் போனால் மட்டும் நமக்கு மறந்துவிடும்.

உடுமலைக்குத் தெற்கே திருமூர்த்தி மலை, பஞ்சலிங்க அருவி. குடும்பம் குடும்பமாகப் புளிசாதத்தோடு போகிற இடம். அங்கேயே 2008-ல் திடீர் வெள்ளம் வந்து உயிர்களைக் கொண்டுபோனது. 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்த கூட்டம், வெள்ளத்தைப் பார்த்து அலறி ஓடியது. 17 வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு பைக்கில் கிளம்பும் ஆபீஸ் சிங்கங்களே! தலைக்கு மேலே வானத்தைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. அருவிக்குப் பின்னால் இருக்கிற மலையைப் பாருங்கள். தெளிவாக விழுந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியுமாக வந்தாலோ, சத்தம் மாறினாலோ, சோப்பைத் தேடாதீர்கள். ஓடை போகும் திசையில் ஓடாமல், பக்கவாட்டில் மேட்டில் ஏறுங்கள். துண்டு, செல்போன், செருப்பு எல்லாம் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

வனத்துறைக்காரர் விசில் ஊதி, "இன்னைக்குக் குளிக்க அனுமதியில்லை" என்றால், "எழுபது கிலோமீட்டர் வந்திருக்கோம் சார்" என்று மல்லுக்கட்டாதீர்கள். மேனேஜர் "லீவு கிடையாது" என்றால், "சரிங்க சார்" என்று பூனையாகத் திரும்பி வருகிறோம் இல்லையா? அந்தப் பணிவில் பாதியை விசில்காரருக்கும் காட்டலாம்.

மேனேஜர் சொல்லைத் தட்டினால் ஒருநாள் சம்பளம்தான் போகும்!