பஜ்ஜி எண்ணெயில் பயணம்

போண்டா சுட்ட எண்ணெயில் கார் ஓடுமா?

இந்தக் கேள்வியை இந்த மாசம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூவரும் டீசல் விலை போர்டைப் பார்த்துவிட்டு வந்த முகத்தோடுதான் கேட்டார்கள். பதில்: ஓடும். டீசல் காராக இருந்து, எண்ணெயையும் முறையாக மாற்றினால், தாராளமாக ஓடும்.

இதில் மூலிகை, மந்திரம் எதுவும் கிடையாது. 1996-ல் இலையைப் போட்டுக் கொதிக்க வைத்தால் பெட்ரோல் வரும் என்ற பேச்சில் தமிழ்நாடே வாயைப் பிளந்து நின்றதே, அந்த ரகம் இல்லை. இலையும் தண்ணீரும் போட்டால் கஷாயம்தான் வரும். எண்ணெயைப் போட்டால் எண்ணெய் வரும், கொஞ்சம் உருமாறி. நான் பி.காம். படித்தவன். பற்றும் வரவும் பொருந்தினால்தான் எதையும் நம்புவேன். இது பொருந்துகிறது.

எப்படி என்கிறீர்களா? சமையல் எண்ணெய் ஒரு கூட்டுக் குடும்பம். கிளிசரின் என்கிற பெரியவர் நடுவில். அவர் கையைப் பிடித்தபடி மூன்று கொழுப்பு அமிலப் பிள்ளைகள். நாலு பேரும் சேர்ந்தே திரிவதால்தான் எண்ணெய்க்கு அந்தப் பிசுபிசுப்பு. அப்படியே இன்ஜினில் ஊற்றினால் இன்ஜெக்டர் அடைத்துக்கொள்ளும். இங்கேதான் மெத்தனால் என்கிற சாராய வகையறா வந்து, பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தனிக்குடித்தனம் கூட்டிக்கொண்டு போகிறது. பஞ்சாயத்துப் பேச காஸ்டிக் சோடா அல்லது காஸ்டிக் பொட்டாஷ். தனிக்குடித்தனம் போனவர்கள்தான் பயோடீசல். பெரியவர் கிளிசரின் பாத்திரத்தின் அடியில் தனியாக உட்கார்ந்துவிடுவார்.

கணக்கு இதுதான்: 100 கிலோ எண்ணெய், சுமார் 10 கிலோ மெத்தனால். கிடைப்பது சுமார் 100 கிலோ பயோடீசல், 10 கிலோ கிளிசரின். ஐந்தொகை டாலி!

இந்த யோசனை புதுசும் இல்லை. ருடால்ஃப் டீசலின் இன்ஜின் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் முதன்முதலாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது 1893 ஆகஸ்ட் 10-ம் தேதி. அதே 1893-ல்தான் நம்ம ஊர் ஜி.டி. நாயுடுவும் பிறந்தார். உலகத்துக்கு இன்ஜினும், அதைப் பிரித்துப் பார்க்க ஆளும் ஒரே வருஷத்தில்! உலக உயிரி எரிபொருள் தினமும் அந்த ஆகஸ்ட் 10-தான். அன்றைக்கு அந்த இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது என்று வருஷா வருஷம் மேடையில் பேசுகிறார்கள். கடலை எண்ணெய்க் கதை நடந்தது 1900-ல், பாரீஸ் கண்காட்சியில்.

கொங்கு நாட்டுக்கு இந்த ஜுரம் வந்தது 2003-க்குப் பிறகு. மத்திய திட்டக்குழுவின் கமிட்டி ஒன்று, 2011-12-க்குள் டீசலில் 20 சதவீதம் பயோடீசல் கலக்கலாம் என்று சொன்னது. கதாநாயகன்: காட்டாமணக்கு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும், மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியிலும் ஆராய்ச்சி மும்முரமாக நடந்தது. ஆடு கடிக்காது, தண்ணி கேட்காது, தரிசில் வரும் என்று எத்தனையோ பேர் நட்டார்கள்.

செடி சொன்னபடி தண்ணீர் இல்லாமல் வளர்ந்தது. தண்ணீர் இல்லாமல் காய்க்கத்தான் மாட்டேன் என்றது. 2006 ஜனவரியிலிருந்து எண்ணெய்க் கம்பெனிகள் பயோடீசலை லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்கிக்கொள்வதாக அரசாங்கம் அறிவித்தது. விதை வாங்கி, ஆட்டி, மாற்றிக் கொடுத்தால் அந்த விலை கட்டவில்லை. 20 சதவீதம் இலக்கு காகிதத்திலேயே காய்ந்தது. 2018 கொள்கையில் இலக்கை 5 சதவீதமாகக் குறைத்து, கெடுவை 2030-க்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

ஆக, செடி கைவிட்டது. மிச்சமிருப்பது வாணலி.

கேள்வி கேட்ட மூவரில் ஒருவர் தீவிரவாதி. பீளமேட்டில் மூணாவது மாடி, வாடகை வீடு. "ஏனுங்ணா, மொட்டை மாடி சும்மாதானுங்களே கெடக்குது? ஒரு கேஸ் அடுப்பு, ஒரு டிரம்மு. மெஸ்காரரு எண்ணெய் சும்மாவே தர்றேங்கறாருங்க. மாசம் டீசல் காசு மிச்சமுங்ணா!" என்றார்.

நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அவர் சொன்ன பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போயிருந்தது. மெத்தனால்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் செத்தார்களே, அந்தச் சாராயத்தில் இருந்தது இதுதான். அதற்கு முந்தின வருஷம் மே மாசம் மரக்காணம் பக்கமும் செங்கல்பட்டுப் பக்கமும் 20 பேருக்கு மேல் போனதும் இதனால்தான். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். உள்ளே போனால் முதலில் கண், அப்புறம் ஆள். குடிக்க வேண்டும் என்பதுகூட இல்லை; தோல் வழியாகவும், ஆவியாக மூச்சிலும் போகும். 65 டிகிரியில் கொதித்துவிடும். நம்ம ஊர் வெயிலில் மூடியைத் திறந்தாலே தீப்பற்றும் அளவுக்கு ஆவி வரும். எரிந்தால், பகல் வெளிச்சத்தில் ஜுவாலை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. இதைக் கேஸ் அடுப்புப் பக்கத்தில் வைக்கப் போகிறார் நம் ஆள். கீழ் வீட்டில் இரண்டு குழந்தைகள்.

அதனால்தான் தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்க, விற்க, வைத்திருக்க உரிமம் வேண்டும். இதற்கென்று 1959-லிருந்தே விதிகள் இருக்கின்றன. 'சும்மா பத்து லிட்டர்தானுங்க' என்று போலீஸ்காரரிடம் சொல்லிப் பாருங்கள். கள்ளக்குறிச்சிக்குப் பிறகு அவர் சிரிக்க மாட்டார்.

மெத்தனாலைத் தாண்டினாலும் பாதை சுலபமில்லை. பலமுறை பொரித்த எண்ணெயில் அமிலமும் தண்ணீரும் ஏறியிருக்கும். அதை அளந்து பார்க்காமல் காஸ்டிக்கைக் கொட்டினால் பயோடீசல் வராது, சோப்புதான் வரும். காஸ்டிக் கண்ணில் பட்டால் கண் போகும். அடியில் தங்கிய கிளிசரினில் மெத்தனால் ஒட்டிக்கொண்டிருக்கும். அதையும் கழுவின தண்ணீரையும் சாக்கடையில் விட்டால், நொய்யல் ஏற்கெனவே படுகிற பாடு போதாதா? மெஸ் எண்ணெய் பெரும்பாலும் பாமாயில். அதில் செய்த பயோடீசல் மார்கழிக் காலையில் ஊட்டி போனால் டாங்கிலேயே உறைந்து நிற்கும். பழைய வண்டியின் ரப்பர் குழாய்களையும் அது மெதுவாக ஊறவைத்துக் கெடுக்கும்.

விற்கலாமே என்கிறீர்களா? அதற்கு ஐ.எஸ். 15607 என்ற தர அளவுகோல் இருக்கிறது. வண்டிக்கு விற்பதற்குப் பெட்ரோலியத் துறை 2019-ல் போட்ட நெறிமுறைகள் இருக்கின்றன. ஆய்வுக்கூடம், பாதுகாப்பான கொட்டகை, அனுமதிகள், படித்த வேதியியல்காரர் என்று முறைப்படி ஆலை வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது மரியாதையான தொழில். மொட்டை மாடித் தொழில் அல்ல.

வரவுப் பக்கத்தையும் பார்த்துவிடுவோம். எங்கள் வீட்டில் மாசம் முழுக்கச் சேர்த்தால் பழைய எண்ணெய் அரை லிட்டர் தேறும். அரை லிட்டர் பயோடீசலில் காந்திபுரத்திலிருந்து உக்கடம் போய்த் திரும்பலாம். சிக்னலில் ரொம்ப நேரம் நிற்காமல் இருந்தால்!

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "எந்தக் காரு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"ஸ்கூட்டருங்ணா. பெட்ரோலு."

அதோடு அந்த ஆலை மூடப்பட்டது.

ஆனால் விஷயம் மூடப்படவில்லை. மெஸ்காரர் சும்மா தருகிறேன் என்ற அந்த எண்ணெய் இப்போது எங்கே போகிறது? அதுதான் என் கவலை. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேருகிற கசடுக்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெய் சமையலுக்கு ஆகாது. 2018 ஜூலையிலிருந்து இது சட்டம். ஆனால் பெரிய கடை கழித்த எண்ணெயைச் சின்னக் கடை மலிவாக வாங்குகிறது. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து, பஸ் ஸ்டாப் பக்கத்தில் காளானும் காலிஃபிளவரும் சாப்பிடுகிற நீங்களும் நானும்தான் அந்த எண்ணெய்க்குக் கடைசி டாங்க்!

இதைத் தடுக்கத்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஆகஸ்ட் 10-ல் 'ரூக்கோ' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பொரித்த எண்ணெயை வாங்கிப் பயோடீசல் ஆலைக்கு அனுப்புகிற ஏற்பாடு. தினம் 50 லிட்டருக்கு மேல் பொரிக்க எண்ணெய் பிடிக்கிற கடைகள் கணக்கு எழுத வேண்டும். கழித்ததை அங்கீகாரம் பெற்றவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். 2019-ல் இப்படிச் செய்த பயோடீசலுக்கு எண்ணெய்க் கம்பெனிகள் முதல் வருஷத்துக்கு லிட்டர் 51 ரூபாய் தருவதாக அறிவித்தன. காட்டாமணக்குக்குக் கிடைத்த 25 ரூபாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விதை விதைக்காமல், தண்ணீர் பாய்ச்சாமல், வாணலியிலிருந்தே அறுவடை.

எனவே வீட்டில் நீங்கள் செய்யக்கூடிய, சட்டப்படியான, ஆபத்தில்லாத பயோடீசல் வேலை இது: எண்ணெய் ஆறினதும் வடிகட்டி ஒரு கேனில் ஊற்றுங்கள். தண்ணீர் படாமல் மூடுங்கள். சிங்க்கில் கொட்டாதீர்கள். அபார்ட்மென்ட்டில் இருபது வீட்டுக் கேன்களைச் சேர்த்தால், அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரைக் கூப்பிடும் அளவுக்கு வரும். அவரிடம் ரசீது கேளுங்கள். ரசீது தராதவர் எண்ணெயை ஆலைக்குத்தான் கொண்டுபோவார் என்பது நிச்சயமில்லை.

அடுத்த முறை பஜ்ஜி தின்னும்போது, "ஏனுங்ணா, இந்த எண்ணெயை அப்பறம் என்ன பண்ணுவீங்க?" என்று கடைக்காரரைச் சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். பதில் டக்கென்று வந்தால் இன்னொரு பிளேட் சொல்லுங்கள். யோசித்தார் என்றால், டீயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.