கருவி உண்டு, கவனிப்பார் யார்?

1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 1987-இல் 'ஆபரேஷன் பிளாக்போர்டு' என்கிற கரும்பலகைத் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. தொடக்கப் பள்ளி ஒவ்வொன்றிலும் மழைக்கும் வெயிலுக்கும் தாங்கக்கூடிய இரண்டு அறைகள், கரும்பலகை உள்ளிட்ட கற்பித்தல் சாதனங்கள், இவற்றுடன் குறைந்தது இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. செயலாக்கத்தில் குறைகள் இருந்தன என்றாலும், பொருளை மட்டும் எண்ணாமல் அதைக் கையாளும் மனிதரையும் சேர்த்தே எண்ணியது அத்திட்டம்.

அந்தப் பெயரை நினைவூட்டும் 'ஆபரேஷன் டிஜிட்டல் போர்டு' திட்டத்தை 2019 பிப்ரவரியில் அன்றைய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் பிரகாஷ் ஜாவடேகர் தொடங்கி வைத்தார். பள்ளிகளில் 7 லட்சம் வகுப்பறைகள், கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் 2 லட்சம் வகுப்பறைகள் என்று இலக்கு அறிவிக்கப்பட்டது. எண்ணப்பட்டவை அறைகள். அந்த அறைகளில் பொருத்தப்படும் கருவி பழுதுபட்டால் யாரை அழைப்பது என்கிற கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டது.

மாநிலப் பல்கலைக்கழக வளாகங்கள் பலவற்றில் இதன் விளைவைக் காணலாம். ஒரு துறை ஒரு திட்ட நிதியில் புரொஜெக்டர் வாங்குகிறது. பக்கத்துத் துறை வேறொரு நிதியில் தொடுதிரை வாங்குகிறது. இரண்டும் இருவேறு நிறுவனத் தயாரிப்புகள். இணைப்புக் கம்பிகூட ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. ஐம்பது நிமிட வகுப்பில் பத்து நிமிடம் கம்பியையும் ரிமோட்டையும் தேடுவதில் கழிந்துவிடுகிறது. இரண்டு முறை ஏமாந்த பேராசிரியர் மூன்றாவது முறை கருவியின் பக்கமே திரும்புவதில்லை.

வசதியுள்ள மாணவர் விட்டதை வீட்டிலிருக்கும் கணினியில் பார்த்துக்கொள்வார். குடும்பத்தில் முதல்முறையாகப் பட்டப்படிப்புக்கு வந்திருக்கும் மாணவருக்கு வகுப்பறையை விட்டால் வேறிடம் கிடையாது. 2021-22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி, நாட்டில் உயர்கல்வி பயில்வோர் ஏறத்தாழ 4.33 கோடி பேர். வகுப்பறை நேரத்தின் இழப்பு இவர்களில் எளியோரையே அதிகம் தாக்குகிறது.

இதற்குத் தனிமனிதர்களின் அலட்சியத்தைவிட நிதி ஒதுக்கப்படும் முறையே முதன்மைக் காரணம். கட்டடத்துக்கும் கருவிக்கும் நிதி ஒருமுறை வருகிறது. 2017-இல் உருவாக்கப்பட்ட உயர்கல்வி நிதி முகமை, உள்கட்டமைப்புக்குக் கடன் தருகிறது. 2023-24 முதல் மூன்றாண்டுகளுக்கு ரூ.12,926 கோடி மதிப்பில் வகுக்கப்பட்ட பி.எம்.-உஷா திட்டம், பெரும்பாலான மாநிலங்களில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதத்தில் செலவைப் பகிர்கிறது. ஆனால், திட்டக் காலம் முடிந்த பிறகும் தொடரும் பராமரிப்பும் தொழில்நுட்பப் பணியாளரின் ஊதியமும் பல்கலைக்கழகத்தின் தலையிலேயே விழுகின்றன. காலிப் பணியிடங்களை நிரப்பவே வழியில்லாத நிர்வாகம் அதற்கு எங்கே போகும்? 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. இத்தகைய நாள்கள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டாலும், அவற்றுக்கான தொகை வரவு-செலவுத் திட்டத்தில் இடம்பெறுவதில்லை.

மதிப்பீட்டு முறைகளும் கொள்முதலையே ஊக்குவித்தன. தேசிய மதிப்பீட்டு மற்றும் தர நிர்ணயக் குழு (நாக்) 2017-இல் திருத்தியமைத்த முறையில், தகவல் தொழில்நுட்ப வசதி கொண்ட வகுப்பறைகளின் சதவீதம் ஓர் அளவுகோலாக இருந்தது. இயங்காத கருவியும் கணக்கில் கருவிதான்.

2011-இல் பெரும் ஆரவாரத்துடன் அறிமுகமான 'ஆகாஷ்' கைக்கணினி மறக்கக்கூடியதல்ல. எந்தத் தரத்தில் அதைச் சோதிப்பது என்பதிலேயே தயாரிப்பு நிறுவனத்துக்கும் ராஜஸ்தான் ஐ.ஐ.டி.க்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. 2012-இல் பொறுப்பு மும்பை ஐ.ஐ.டி.க்கு மாறியது. தரத்தை முதலில் வகுத்துவிட்டுப் பிறகு வாங்க வேண்டும் என்பதே அது தந்த பாடம்.

தரப்படுத்துதல் என்றதும், ஒரே நிறுவனத்துக்கு மொத்த ஒப்பந்தம் வழங்கும் உபாயமோ என்கிற ஐயம் எழும், அது நியாயமானதே. மின் ஆளுமைக்குத் திறந்தநிலைத் தரங்களே வேண்டும் என்று 2010-இல் மத்திய அரசு வகுத்த கொள்கையை வளாகங்களுக்கும் பொருத்தினால் அந்த ஐயம் நீங்கும். எந்த நிறுவனத்தின் கருவியானாலும் எல்லா அறைகளிலும் ஒரே வகை இணைப்பு, ஒரே இயக்க முறை இருந்தால் போதும். இயற்பியல் துறைக்கும் இலக்கியத் துறைக்கும் தேவைகள் வேறு என்பதால், பொதுவான குறைந்தபட்ச வசதிக்கு மேல் துறைகளுக்குச் சுதந்திரம் வேண்டும்.

அதனினும் முக்கியமானது, அழைத்தால் சில நிமிடங்களில் வந்து நிற்கும் பணியாளர். வளாகத்துக்கு ஓர் உதவி மையம், இருப்பில் உதிரி பாகங்கள், கருவிகளை மாற்றுவதற்கான கால அட்டவணை, கொள்முதல் தொகையுடன் சேர்த்தே ஒதுக்கப்படும் பராமரிப்பு நிதி ஆகியவை இல்லாத கருத்துருவுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு ஒப்புதல் தரக்கூடாது. எத்தனை அறைகளில் கருவி இருக்கிறது என்பதற்குப் பதில், எத்தனை மணி நேரம் இயங்கியது என்று மதிப்பீட்டாளர்கள் கேட்க வேண்டும்.

கரும்பலகை பழுதாவதில்லை, சுண்ணக்கட்டி தீர்ந்தால் பக்கத்து வகுப்பில் வாங்கிக்கொள்ளலாம். அந்த எளிய நம்பகத்தன்மையைத் தர முடியாத எந்த நவீனக் கருவியும், கரும்பலகையின் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பொருளாகவே எஞ்சும்.