ச ப ச ம ப ச: கிற்றாரும் வீணையும் ஒரே அறைக்குள்

கிற்றார் கையில் எடுத்த இளசுகளில் 'ட்ரிஃப்டிங்' வீடியோவைப் பார்க்காத ஆட்கள் குறைவு. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்துக்காரர் அன்டி மெக்கீ, 2006 கடைசியில் யூடியூப்பில் வந்து ஒரே நாளில் உலகத்துக்குத் தெரிந்தவர் ஆனார். ஒரேயொரு அக்கூஸ்டிக் கிற்றார். இடது கை கழுத்துக்கு மேலால் வந்து கம்பியைத் தட்டும், வலது கை பெட்டியில் அடிக்கும். பாட்டு இல்லை, பேண்ட் இல்லை, ஆனால் மூன்று பேர் சேர்ந்து வாசிக்கிற மாதிரிக் கேட்கும். பார்த்த உடனே எல்லாருக்கும் வருகிற ஆசை ஒன்றுதான்: இதை எப்படியாவது வாசிச்சுக் காட்ட வேணும்.

அந்த ஆசையில் எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. நாங்களும் அதில்தான் தொடங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையின் மேல்மாடி எங்களுக்குக் கிடைக்கிறது. கொட்டாஞ்சேனைக்காரர் நடந்தே வந்துவிடுவார்கள், வெள்ளவத்தைக்காரருக்கு 100 அல்லது 101 பஸ். கடைகள் பூட்டியிருக்கும், நாட்டாமிகளின் வண்டிச் சத்தம் இருக்காது. (நடைபாதை வியாபாரம் மட்டும் ஞாயிறு என்றும் பார்க்காது.) சுருதி சேர்க்கும்போது மின்விசிறியை நிற்பாட்ட வேணும், அதன் இரைச்சல் காதைக் குழப்பும். வேர்வையோடுதான் சங்கீதம்.

நாங்கள் சொல்ல வருவது, இந்த மாதிரிக் கஷ்டமான ஒரு துண்டை இங்கே எல்லாரும் படிக்கிற முறையைப் பற்றி. வழக்கமான முறை உங்களுக்கும் தெரியும். இணையத்தில் 'டாப்' ஒன்றை இறக்குவது. ஆறு கோடு, கோட்டின் மேல் இலக்கம்: இந்தக் கம்பியில் இத்தனையாவது ஃப்ரெட்டை அமத்து. அதன்படி ஃபோனில் ஒரு ட்யூனர் செயலியைத் திறந்து, பச்சை விளக்கு வரும்வரை சாவியைத் திருகுவது. பிறகு வீடியோவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, விரலைப் பார்த்து விரலை வைப்பது. மூன்று மாதத்தில் முதல் முப்பது விநாடி வந்துவிடும். அதைப் பதிவுசெய்து போட்டால் லைக்கும் வந்துவிடும். அதோடு துண்டு முடிந்தது, ஏனென்றால் முப்பத்தோராவது விநாடியில் என்ன நடக்கிறது என்று கைக்குத் தெரியாது, காதுக்கும் தெரியாது.

டாப் கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. ஐரோப்பாவில் லூட் வாசித்தவர்கள் ஐந்நூறு வருடத்துக்கு முன்பே இந்த வகைக் குறிப்பில்தான் எழுதினார்கள். ஆனால் டாப் சொல்வது இடம் மட்டும். அந்த இடத்தில் என்ன ஸ்வரம் இருக்கிறது என்று அது சொல்லாது. சாதாரணச் சுருதியில் இது பெரிய குறை இல்லை, வருடக்கணக்கில் சி, ஜி, டி என்று கோர்ட் பிடித்த கைக்கு ஒரு வரைபடம் இருக்கும். சுருதியை மாற்றின அடுத்த நிமிடம் அந்த வரைபடம் கிழிந்துபோகும். பழகின ஜி கோர்டைப் பிடித்தால் வேறென்னவோ கேட்கும். இந்த இடத்தில்தான் காது வேலைக்கு வர வேணும். இந்த இடத்திலும் இலக்கத்தைப் பார்த்தே தப்பிவிட்டால், மாற்றுச் சுருதியில் கிடைக்கக்கூடிய உண்மையான லாபம் கைவிட்டுப் போகிறது.

'ட்ரிஃப்டிங்' வாசிப்பது டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்ற சுருதியில். வாத்தியக்காரர் 'டாட்காட்' என்று ஒரே சொல்லாகச் சொல்வார்கள். ஆறாவது, இரண்டாவது, முதலாவது ஆகிய மூன்று கம்பிகளை மட்டும் ஒவ்வொரு முழுச்சுரம் கீழே இறக்கினால் போதும், மற்ற மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கும். முதல் ஞாயிறு கொட்டாஞ்சேனைப் பெடியன் ஒருத்தன் அப்படி இறக்கிவிட்டு, கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சும்மா தட்டினான். அவன் கோயில் பாடகர் குழுவில் ஏழு வருடம் கிற்றார் அடித்தவன். மூலையில் இருந்த வெள்ளவத்தைப் பிள்ளை தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "இது ச-ப-ச தானே. பிறகு ஒரு ம வருது, திரும்ப ப, ச."

அவள் கிற்றார் தொட்டதே இல்லை. வீணை படித்தவள். தரம் தரமாகப் பரீட்சை எழுதி, சான்றிதழ்களைச் சட்டம்போட்டு மாட்டி, பிறகு வீணையை உறைபோட்டு அலுமாரிக்கு மேல் வைத்தவள்.

டி-யை ச என்று வைத்துக்கொள்ளுங்கோ. ஆறாவது கம்பியிலிருந்து முதலாவது வரை ச, ப, ச, ம, ப, ச. வீணையின் நாலு வாசிப்புக் கம்பிகளும் ச-வும் ப-வும் மாறி மாறித்தான். தம்புராவிலும் வழக்கமாக அவை இரண்டும்தான். டாட்காட்டில் புதிதாக வந்திருப்பது ஒரேயொரு ம. காந்தாரம் இல்லை. அதனால் திறந்த கம்பிகளைத் தட்டினால் மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. எந்தக் காந்தாரத்தை வைப்பது என்று வாசிக்கிறவர்தான் தீர்மானிக்க வேணும்.

இது தற்செயல் என்றும் சொல்ல ஏலாது. இந்தச் சுருதியைப் பரப்பியவர் டேவி கிரஹாம் (1940-2008) என்ற பிரித்தானியக் கலைஞர், ஸ்கொட்லாந்துத் தகப்பனுக்கும் கயானாத் தாய்க்கும் பிறந்தவர். 1960களின் தொடக்கத்தில் மொரோக்கோ போனபோது அங்கே ஊத் வாசிக்கிறவர்களோடு சேர்ந்து வாசிக்க வசதியாக இதைப் பிடித்தார் என்பதுதான் சொல்லப்படுகிற வரலாறு. அவர் இந்தச் சுருதியில் வாசித்த 'ஷீ மூவ்ட் த்ரூ த ஃபெயார்' என்ற ஐரிஷ் மெட்டின் ஸ்வரங்களை வரிசைப்படுத்தினால் ஹரிகாம்போதியின் ஸ்வரங்கள் வரும். (ராகம் என்றால் ஸ்வர வரிசை மட்டும் இல்லை. தெரியும், சண்டைக்கு வராதேங்கோ.) 1968இல் லெட் செப்பெலின் 'ப்ளக் மவுண்டன் சைட்' என்ற துண்டை இதே சுருதியில் பதிவுசெய்தபோது பக்கத்தில் தபேலா வாசித்தவர் விராம் ஜசானி. காந்தாரத்தைக் காலியாக விட்ட சுருதி ஒன்று கிழக்குப் பக்கம் காது கொடுத்தவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

அதைவிடப் பழைய கதை எங்கள் பக்கமே இருக்கிறது. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் (1786-1858) வெள்ளைக்காரரின் வயலினைக் கற்றுக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். இன்று எந்தக் கச்சேரிக்குப் போனாலும் வயலின் ஜி-டி-ஏ-ஈ இல் இருக்காது, ச-ப-ச-ப இல் இருக்கும். 'மாற்றுச் சுருதி' என்று இன்று யூடியூப்காரர் பெரிதாகச் சொல்வதை எங்கள் மேடைகள் எப்போதோ செய்து, அது மாற்று என்பதையே மறந்துவிட்டன. மெண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969-2014) எட்டுக் கம்பி மெண்டலினை விட்டு, ஐந்து ஒற்றைக் கம்பி போட்ட மின்சார மெண்டலினை வாசித்தார். அவர் சின்னப் பையனாக மேடை ஏறியபோது, இது கர்நாடக வாத்தியமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். கொஞ்சக் காலத்தில் அந்தக் கேள்வி அடங்கிப் போச்சு.

அந்த ஞாயிறுக்குப் பிறகு எங்கள் முறை மாறியது. முதலில் ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தோம். நாலாவது கம்பி ஏற்கெனவே டி. அதற்குக் கீழ் ஸ்தாயி வரும்வரை ஆறாவதை இறக்கு. ஐந்தாவது ஏ, அதற்கு மேல் ஸ்தாயியாக இரண்டாவதை இறக்கு. முதலாவதைத் திரும்பவும் நாலாவதோடு சேர். இரண்டு கம்பியும் கிட்டக் கிட்ட வரும்போது ஒலியில் ஒரு அலை கேட்கும், வரவர அது மெதுவாகி நின்றுபோகும். நிற்கிற இடம்தான் சுருதி. கோர்ட் பிடிக்கிற எங்கள் பெடியன்களுக்கு இதைக் கேட்கவே நாலு ஞாயிறு எடுத்தது. வீணைக்காரி முதல் நாளே செய்தாள்.

பிறகு டாப்பின் இலக்கங்களுக்குக் கீழே ஸ்வரம் எழுதினோம். முதலாவது கம்பி திறந்திருந்தால் ச, இரண்டாவது ஃப்ரெட் சதுஸ்ருதி ரிஷபம், மூன்றாவது சாதாரண காந்தாரம், நாலாவது அந்தர காந்தாரம், ஐந்தாவது ம, ஏழாவது ப. இரண்டாவது கம்பி ப-வில் தொடங்குவதால் அதன் ஐந்தாவது ஃப்ரெட்டில் ச வந்துவிடும். இது தெரிந்தால் ஒரு பகுதி மறந்துபோனாலும் பாடிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். பெட்டியில் அடிக்கிற தாளத்துக்குச் சொற்கட்டு போட்டோம். உள்ளங்கையின் அடிப்பகுதி பெட்டியில் பட்டால் 'தொம்', விளிம்பில் விரல் பட்டால் 'த'. வாயால் சொல்ல வராததைக் கை செய்யாது. எங்கள் வலது கைகளில் பைலாவின் எட்டில் ஆறு தாளம் ஊறிக் கிடக்கிறது என்பதும் இப்படித்தான் பிடிபட்டது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யைக் கலியாண வீடுகளில் அடித்து அடித்து வந்த பழக்கம். அது எல்லா இடத்திலும் உதவாது, சில இடத்தில் நேரே குழப்பும்.

இதை முயற்சி செய்யப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஒரு முழுச்சுரம் இறக்கினால் கம்பியின் இழுவிசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். தளர்ந்த கம்பி ஃப்ரெட்டில் பட்டு இரையும், அதனால் ஒரு அளவு தடித்த கம்பி நல்லது. அதே தளர்வில் கம்பியை இழுத்துக் கமகம் பிடிக்கலாம், அது லாபம். மற்றது, மாறி மாறிச் சுருதி இறக்கி ஏற்றினால் கம்பி சீக்கிரம் களைத்துவிடும், வெள்ளவத்தைக் கடற்காற்று ஏற்கெனவே துருப்பிடிக்க வைக்கிறது. 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டபோது இறக்குமதிக் கம்பியின் விலைக்கு என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. முடிந்தால் பழைய மலிவுக் கிற்றார் ஒன்றை நிரந்தரமாக டாட்காட்டில் விட்டுவிடுங்கோ.

எங்களுக்குக் கோபம் வருகிற இடம் வேறு. கொட்டாஞ்சேனையில் கிற்றார் கோயிலோடும் பார்ட்டியோடும் வளர்கிறது. வெள்ளவத்தையில் வீணை பரீட்சையோடும் அரங்கேற்றத்தோடும் வளர்கிறது. நடுவில் சில கிலோமீற்றர்தான். சாதாரண தரப் பரீட்சையில் கீழைத்தேய, மேலைத்தேய, கர்நாடக சங்கீதம் என்று மூன்று பாடங்கள் ஒரே தொகுதிக்குள் இருக்கின்றன, ஒரு பிள்ளை ஒன்றைத்தான் எடுக்கலாம். கிற்றார் படிக்கிற பிள்ளை ஸ்வரம் என்றால் அது மற்றவர்களுடையது என்று நினைத்து வளருது. வீணை படித்த பிள்ளை, தன் காது எவ்வளவு பெரிய சொத்து என்று தெரியாமலே சான்றிதழோடு நிற்பாட்டுது. எங்கள் வீணைக்காரியிடம் முன்பு ஒரு வகுப்பில், "கிற்றார் பழகினால் கை கெட்டுப்போகும்" என்று சொல்லியிருக்கிறார்கள். கை கெடவில்லை. இப்போது எங்களில் ஆகச் சுத்தமாகச் சுருதி சேர்ப்பவள் அவள்தான்.

கர்நாடகத்தில் கோர்ட் இல்லையே, இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும் என்று சில பெரியவர்கள் சொல்வது எங்களுக்கு விளங்குது. கலப்பிசை செய்யச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அன்டி மெக்கீயின் துண்டை அன்டி மெக்கீயின் துண்டாகவே வாசிக்கலாம். அதைக் கேட்கிற காது மட்டும் இங்கே இருக்கிற எல்லா வகுப்புகளிலிருந்தும் வரட்டும் என்கிறோம். பாடசாலையில் இரண்டு ஆசிரியர்கள் மாதத்தில் ஒரு பாடவேளை ஒரே வகுப்பறையில் இருந்தால் போதும், அதற்குச் சுற்றுநிருபம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

எட்டு மாதமாகிறது. 'ட்ரிஃப்டிங்' இன்னும் முழு வேகத்தில் வரவில்லை, இடது கை மேலால் வந்து திரும்பிப் போகிற இடத்தில் தாளம் தடக்குப்படுகிறது. இதற்கிடையில் வீணை அலுமாரியை விட்டு இறங்கிவிட்டது. அது இரண்டரைக் கட்டையில் இருக்கிறது, டாட்காட் இரண்டு கட்டை. கிற்றாரின் முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் இரண்டும் சேரும். வீணையை 101இல் ஏற்ற ஏலாது, கண்டக்டர் விடமாட்டார். வெள்ளவத்தையிலிருந்து த்ரீவீல் காசை ஆறு பேராகப் பிரித்துப் போடுகிறோம்.