விலையின் ஓசையும் நரம்பின் ஓசையும்

விலை மிகுந்த பொருளே தரம் மிகுந்தது என்னும் எண்ணம் மாந்தர் மனத்தில் ஆழ வேரூன்றிய ஒன்று. ஆடையிலும் அணியிலும் அவ்வெண்ணம் செய்யும் கேடு பணப்பையோடு நின்றுவிடும். இசைக்கருவியில் அது செய்யும் கேடோ ஓர் இளைஞனின் வாழ்நாளையே தொடுகிறது. "நல்ல கருவி வாங்கும் வசதி வரும்வரை பொறுத்திரு, மலிவுக் கருவியைத் தொட்டால் கையும் கெடும், காதும் கெடும்" என்று அறிவுரை வழங்குவோர் எங்கும் உளர். அதைக் கேட்டுப் பொறுத்திருந்தே இளமையைக் கழித்தவரும் உளர். அந்த அறிவுரை உண்மைதானா என்று உரைத்துப் பார்ப்பதற்கு ஏற்ற உரைகல் ஒன்று உண்டு. அதுவே அரைக்கூட்டு மின்கிதார்.

கிதாரின் உடல் மூவகைப்படும். முதலாவது முழுக்கூடு. வீணைக்குக் குடம்போலவும் பழந்தமிழர் யாழுக்குப் பத்தர்போலவும் உள்ளே வெற்றிடம் கொண்டது அது. அதன் ஒலி இனிது. ஆயினும் மின்பெருக்கியின் முன் உரக்க வாசிக்குங்கால், பெருக்கியின் ஒலி கூட்டுக்குள் புகுந்து தந்திகளை மீண்டும் அதிரச் செய்து ஊளையிடும். இரண்டாவது முழுக்கட்டை. ஊளைக்கு எளிதில் இடந்தராது; கூட்டின் மென்மையும் அதில் இராது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே கடைக்காரர் 'செமி ஹாலோ' என்று வழங்கும் அரைக்கூடு. நடுவே நெடுக ஒரு கட்டை ஓட, அதன் இருபுறமும் கூடு அமைந்திருக்கும். கட்டை தந்தியின் அதிர்வை நீட்டித்து ஊளையைக் குறைக்கிறது. கூடு ஒலிக்கு மென்மை ஊட்டுகிறது.

இவ்வமைப்பு பிறந்த வரலாறே விலைச்செருக்கிற்குத் தக்க மறுமொழியாகும். 1940-ஆம் ஆண்டையொட்டி, லெஸ் பால் என்னும் அமெரிக்க இசைவாணர் நியூயார்க்கிலிருந்த எபிஃபோன் பட்டறையில் ஒரு மரக்கட்டையின் மீது தந்திகளைக் கட்டினார். பார்ப்பதற்குக் கிதாராகத் தோன்றவேண்டும் என்பதற்காக, இரண்டாகப் பிளந்த ஒரு கூட்டுக்கிதாரின் பாதிகளை அதன் இருபுறமும் ஒட்டினார். விலையுயர்ந்த மரமோ பொன்னிழைத்த வேலைப்பாடோ அதில் இல்லை. கருத்து ஒன்றே இருந்தது. கட்டையும் கூடும் சேர்ந்த அதே அமைப்பைச் சந்தைக்கு உரியதாகச் செப்பனிட்டு, கிப்சன் நிறுவனம் 1958-ஆம் ஆண்டில் இ.எஸ்.335 என்னும் கிதாரை வெளியிட்டது. பின்வந்த அரைக்கூட்டுக் கிதார்களுக்கெல்லாம் அதுவே மூலவடிவம்.

இன்று கிப்சன் பெயர் தாங்கிய அக்கருவியின் விலை மூவாயிரம் அமெரிக்க வெள்ளியைத் தாண்டுகிறது. அதே வடிவில் எபிஃபோன், ஐபனெஸ் முதலிய பெயர்களில் வரும் கருவிகள் ஐந்நூறு வெள்ளியை ஒட்டிய விலையில் கிடைக்கின்றன. ஆறில் ஒரு பங்கு விலை. அவ்வாறாயின் தரமும் ஆறில் ஒரு பங்குதானா?

மலிவுக் கருவியைப் பழிப்போர் முதலில் கூறும் குறை, "அது வெறும் ஒட்டுப்பலகை" என்பதாகும். இக்கூற்றில் உண்மை உண்டு. அவர்கள் அறியாத முழு உண்மையும் ஒன்று உண்டு. 1958-ஆம் ஆண்டின் மூலக் கருவியும் ஒட்டுப்பலகைதான். மேப்பிளும் பாப்லரும் அடுக்கடுக்காக ஒட்டப்பட்டு, அச்சில் அழுத்தி வளைக்கப்பட்ட பலகையே அதன் முகமும் முதுகும். 1922-இல் வந்த எல்-5 போன்ற பழைய கிதார்களின் முகம் ஒரே மரத்தில் கையால் குடைந்து எடுக்கப்பட்டது. அதன் இடத்தை 335-இல் ஒட்டுப்பலகை ஏற்றது. உரக்கப் பாடும் மின்கருவிக்கு மிகுதியாக அதிராத பலகை குறையன்று, துணையே. அங்ஙனமாயின், விலையுயர்ந்த கருவியில் அறிவுடைமை எனப் போற்றப்படும் ஒட்டுப்பலகை, விலை குறைந்த கருவியில் மட்டும் ஏமாற்று ஆவது எப்படி? ஒரே பலகைக்கு இரண்டு நீதியா?

அடுத்த குறை, "அவை ஆசியாவில் செய்யப்பட்டவை" என்பது. எபிஃபோன் 1957-இல் கிப்சனின் தாய் நிறுவனத்தால் வாங்கப்பட்டது. அதன் உற்பத்தி 1970-இல் ஜப்பானுக்கும், 1980-களில் கொரியாவுக்கும், பின்னர்ச் சீனாவின் சிங்தாவ் நகருக்கும் சென்றது. ஐபனெஸ் நிறுவனமோ ஜப்பானின் நகோயா நகரத்தது. 1970-களில் அது அமெரிக்கக் கிதார்களைப் படியெடுத்து விற்றது. 1977-இல் கிப்சனின் அன்றைய உரிமையாளர்கள் அதன் அமெரிக்க விற்பனை நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கின் பொருள் யாது? கிதாரின் தலைப்பகுதியினது வடிவம்! ஒலி தாழ்ந்தது என்றோ வேலைப்பாடு கெட்டது என்றோ வழக்கு எழவில்லை. தரமற்ற போலியைக் கண்டு எந்த வணிகனும் நீதிமன்றம் ஏறான். தன் வாடிக்கையாளர் அதை விரும்பி வாங்கும்போதுதான் ஏறுவான். ஜான் ஸ்கோஃபீல்ட் என்னும் புகழ்பெற்ற ஜாஸ் கிதார்க் கலைஞர் 1980-களின் தொடக்கம் முதல் பல்லாண்டுகள் கையாண்டது ஜப்பானில் செய்த ஐபனெஸ் அரைக்கூட்டுக் கிதாரே. ஜப்பானியக் கருவி என்றாலே நகைத்தவர்கள் இன்று அதே பழங்கருவிகளைத் தேடிப்பிடித்து மிகுவிலை கொடுத்து வாங்குகின்றனர். நேற்று ஜப்பானுக்குக் கூறிய பழியையே இன்று சீனாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் கூறுவோர், வரலாற்றிலிருந்து ஒன்றும் கற்கவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

இனி, விலை குறைந்தும் தரம் நிற்பதற்குக் காரணம் யாது? கணினி இயக்கும் செதுக்குப்பொறியே முதற்காரணம். கிதாரின் விரற்பலகையில் மெட்டுக்கம்பிகள் பதியும் இடம் சிறிது பிசகினும் சுருதி பிசகும். அக்காலத்தில் அதனைத் துல்லியமாகச் செய்வதற்குத் தேர்ந்த கைகள் தேவைப்பட்டன. தேர்ந்த கைகள் அரியவை, ஆதலின் விலையும் உயர்ந்தது. இன்று பொறி அவ்விடங்களைப் பிசகாமல் வெட்டுகிறது. முதற்கருவிக்கும் ஆயிரமாவது கருவிக்கும் வேறுபாடு காண்பது அரிது. விலையுயர்ந்த கிதார் செய்யும் ஆலைகளிலும் அத்தகைய பொறிகளே சுழல்கின்றன. பொறிக்குப் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரியாது.

கூலிக் குறைவும் ஒரு காரணமன்றோ என்று வினவலாம். ஆம், அதுவும் காரணமே. அதை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. ஆயினும் அதிலிருந்து பெறப்படும் முடிவு யாது? தொழிலாளிக்குக் கூலி உயரவேண்டும் என்பதே. அவன் செய்த வேலை தாழ்ந்தது என்பதன்று. குறைந்த கூலி பெற்றவன் குறைந்த திறமையுடையவன் என்று கருதுவது, உழைப்பவனுக்கு இழைக்கப்படும் இரண்டாவது அநீதியாகும்.

குறைகளே இல்லையா எனின், உண்டு. மெட்டுக்கம்பிகளின் முனை சில வேளை விரலை உறுத்தும். தந்திகள் தலைப்பக்கத்தில் அமரும் பள்ளங்கள் உயர்ந்திருந்தால் முதல் மெட்டுகளில் சுருதி ஏறி ஒலிக்கும். முறுக்காணிகள் தளரலாம், விசைகளும் குமிழ்களும் கரகரக்கலாம். அரைக்கூட்டினுள் பழுதுபார்க்க வேண்டுமானால், மின்னிணைப்புகளை எஃப் என்னும் எழுத்து வடிவத் துளையின் வழியே வெளியே இழுத்து மீண்டும் உள்ளே செலுத்தவேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை அது. மேற்பூச்சும் வேறு. மூலக் கருவியின் நைட்ரோசெல்லுலோஸ் மெருகு மெல்லியது, மெல்ல உலர்வது. மலிவுக் கருவியின் பூச்சு தடித்தது, விரைவில் இறுகுவது. ஆயினும் பூச்சு நீங்கலாக இக்குறைகள் யாவும் அரத்தாலும் திருப்புளியாலும் சிறு செலவாலும் தீர்பவை. கழுத்து நேராகவும் நடுக்கட்டை உறுதியாகவும் மெட்டுகள் இடம்பிசகாமலும் இருப்பின் கருவி கருவியே. விலையுயர்ந்த கருவியும் குறை நீங்கியதன்று. ப்ளூஸ் இசை மேதை பி.பி.கிங், உயர்விலைக் கிப்சனின் துளைகளில் துணியை அடைத்தே ஊளையை அடக்கினார். 1980-இல் அவர் பெயரால் வந்த 'லூசில்' கிதார் துளையின்றியே செய்யப்பட்டது.

மரத்தைப் பற்றியும் ஒரு சொல். விரற்பலகைக்குத் தென்னாட்டுக் காடுகளின் ஈட்டி மரமே உயர்ந்தது என்பர். 2020-இல் புதுப்பித்து வெளியிடப்பட்ட எபிஃபோன் 335-இன் விரற்பலகை 'இந்திய லாரல்'. பெயரைக் கேட்டு முகஞ்சுளிப்போர், அது தமிழர் காலங்காலமாக வீட்டுக்கும் வண்டிக்கும் வெட்டிய கருமருது என்று அறிந்தால் என்ன சொல்வர்? ஈட்டி அருகிவரும் காலத்தில் கருமருதை நாடுவது தாழ்வன்று, அறிவுடைமை.

செவி உண்மையில் விலையை அறியுமா? 2010-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 21 வயலின் கலைஞர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஸ்ட்ராடிவாரி உள்ளிட்ட மூன்று பழைய இத்தாலிய வயலின்களும் மூன்று புதிய வயலின்களும் அவர்கள் கையில் தரப்பட்டன. எது எது என அறியாவண்ணம் கண்கள் மறைக்கப்பட்டன. மிகுதியாக விரும்பப்பட்டது ஒரு புதிய வயலின். குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி! வயலின் வேறு, கிதார் வேறு. ஆயினும் கண் அறிந்த விலையைச் செவி அறியாது என்பதற்கு இது போதிய சான்று.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கிதார் உலகில் அவளுக்கு உறவினர் பலர். கருவியின் மீது பழிபோட்டுப் பயிற்சியைத் தள்ளிப்போடுவோர் ஒரு சாரார். பிறர் கருவியை இகழ்ந்து தம் பெருமையை நிலைநாட்டுவோர் மற்றொரு சாரார். இவ்விருவரிடமிருந்தும் இளைஞரைக் காப்பது ஆசிரியரின் கடமை. கூலி வேலை செய்யும் பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கித் தந்த கருவியோடு ஒரு மாணவன் வந்து நிற்கும்போது, அதன் தலையில் எழுதிய பெயரை ஆசிரியர் படிக்க வேண்டியதில்லை. கழுத்தின் நேர்மையைப் பார்க்கட்டும்; சுருதியைச் செவியால் அளக்கட்டும்; உறுத்தும் மெட்டை அரத்தால் தேய்க்கக் கற்றுத் தரட்டும். பின்னர் வாசிக்கச் சொல்லட்டும். அவன் விரலில் ஏறும் காய்ப்பு எந்தக் கடையிலும் எந்த விலைக்கும் கிடையாது. அதைப் பெறுவதற்கு ஐந்நூறு வெள்ளிக் கிதார் தாராளமாகப் போதும்.