தாமதத்துக்கு யார் வட்டி கட்டுவது?

ராணுவத்தில் உடம்பு கெட்டுத் திரும்பியவருக்கு ஊன ஓய்வூதியம் வரவில்லை என்றால், "எவனோ ஒரு கிளார்க் ஃபைலை அமுக்கி வைத்துவிட்டான்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வாழ்நாள் முழுக்க ஃபைல் தைத்தவன் என்ற முறையில் இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கிளார்க் ஒரு ஃபைலை ஆறு மாதம் தூங்க வைக்கலாம். பத்தொன்பது வருடம் தூங்க வைக்க அவனால் ஆகாது. அதற்கு ஓர் அரசாங்கமே வேண்டும்.

அந்தப் பத்தொன்பது நான் சும்மா சொன்ன எண் அல்ல. தரம்வீர் சிங் என்ற சிப்பாய் 1985-ல் சேர்ந்தார். சேரும்போது அவர் உடம்பில் எந்தக் குறையும் பதிவாகவில்லை. 1994-ல் வலிப்பு நோய், 20 சதவீத ஊனம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓய்வூதியம் கேட்டதற்கு, நோய்க்கும் பணிக்கும் சம்பந்தமில்லை என்று பதில் வந்தது. ஏன் இல்லை என்பதற்கு மருத்துவக் குழு ஒரு வரி காரணம்கூட எழுதவில்லை. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி கொடுத்ததையும் அரசு மேல்முறையீடு செய்து தட்டிப் பறித்தது. கடைசியில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது.

அந்தத் தீர்ப்பில் புதுச் சட்டம் எதுவும் பெரிதாக இல்லை. ஓய்வூதியம் கேட்பவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவருக்கே என்று 1982-ஆம் ஆண்டு விதிகளிலேயே இருந்தது. ஒன்பதாவது விதி. புத்தகம் அலமாரியில் இருக்க, மனிதர் நீதிமன்ற வாசலில் நின்றார். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

மறுக்கும் கடிதங்களில் ஒரு சுருக்கெழுத்து வரும். பணியால் வந்த நோயும் அல்ல, பணியால் அதிகரித்த நோயும் அல்ல என்பதற்கான ஆங்கில வாசகத்தின் முதல் எழுத்துகள். சேர்த்துப் படித்தால் 'நானா' என்று வருகிறது. சியாச்சினில் நிற்க வைத்தது யார் என்று கேட்டால் "நானா?" என்று அரசாங்கம் திருப்பிக் கேட்பது போலத்தான் எனக்குத் தோன்றும்.

நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சில் என்பதால் அந்த நாட்டுச் சட்டங்களைப் புரட்டும் பழக்கம் இன்னும் விடவில்லை. முதல் உலகப் போர் முடிந்த சூட்டோடு, 1919 மார்ச் 31-ல், காயம்பட்டவன் பணியால்தான் காயம்பட்டான் என்று முதலில் வைத்துக்கொள், இல்லையென்றால் அரசு நிரூபிக்கட்டும் என்று சட்டம் போட்டார்கள். நம் கடற்கரைச் சாலை நினைவுத் தூண் அந்தப் போரில் போன புதுச்சேரிக்காரர்களுக்காக நிற்பதுதான். உடனே பிரான்சைக் கும்பிடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதே பிரான்ஸ் 1959-ல், சுதந்திரம் வாங்கிப் பிரிந்த நாடுகளின் பழைய சிப்பாய்களுடைய ஓய்வூதியத்தை அப்படியே உறைய வைத்தது. அதை முழுதாகச் சரிசெய்ய 2011 ஆயிற்று. அதற்குள் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்? காத்திருந்தால் செலவு குறையும் என்பது எல்லாக் கருவூலங்களுக்கும் தெரிந்த கணக்கு.

பிழைகளுக்கு வருவோம். எங்கள் தெருவில் ஒரு பழைய ஹவில்தார் இருக்கிறார். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், வங்கியில் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. வடக்கே உட்கார்ந்து கணினியில் ஏற்றியவருக்கு இவர்கள் மூன்று பேர். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் என்பது இத்தனை ஆண்டுகளாகத் தமிழர்களைப் படையில் சேர்த்த அரசுக்குத் தெரியாதா? ஆனாலும் அபிடவிட்டு, நோட்டரி, பதிவஞ்சல், ஆட்டோ எல்லாம் ஹவில்தார் செலவு. பிழை செய்த அலுவலகம் அஞ்சல்தலை காசுகூடக் கொடுக்கவில்லை.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். அரசு கொடுக்காமல் விட்டதைக் கேட்டு வழக்குப் போட்டால், வழக்குக்கு முந்தைய 3 ஆண்டு நிலுவைதான் என்று தர்சேம் சிங் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவரும் 1983-ல் உடல்நலக் குறைவால் அனுப்பப்பட்ட ராணுவத்தார்தான். சரி, தாமதமாக வந்தவருக்கு அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அரசே தன் தப்பால் கூடுதலாகக் கொடுத்துவிட்டால்? ஓய்வு பெற்றவரிடம் பிடிக்கக் கூடாது என்று 2014-ல் ரஃபீக் மசீஹ் வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியும், பிடித்தம் செய்யும் கடிதங்கள் நிற்கவில்லை. அவற்றை எதிர்த்தும் கிழவர்கள்தான் வக்கீல் வைக்க வேண்டும்.

"சர்க்கரை, ரத்தக் கொதிப்பைக் காட்டி ஊனப் பணம் வாங்குகிறார்களே" என்று சில நண்பர்கள் கேட்பார்கள். வாங்கியிருப்பார்கள். அவர்களைப் பிடிக்கத்தான் மருத்துவக் குழு இருக்கிறது, 2023 செப்டம்பரில் விதிகளையும் இறுக்கியாயிற்று. பொய்க்காரனைத் தேடுகிறேன் என்று கால் போனவனை வரிசையில் நிற்க வைப்பது எந்த ஊர் நியாயம்?

குறித்த கெடுவுக்குள் கொடு, இல்லையேல் வட்டி என்று தீர்ப்பாயங்கள் உத்தரவு போடுகின்றன. நல்லதுதான், ஆனால் அந்த வட்டி தொடங்குவது தீர்ப்புக்குப் பிறகு. மருத்துவக் குழு கையெழுத்திட்ட தேதியிலிருந்து தொடங்கட்டும். கேட்காமலே கணக்கில் ஏறட்டும். மறுப்பதானால் காரணத்தையும், மறுத்த அதிகாரியின் பெயரையும் பதவியையும் கடிதத்தில் எழுதட்டும். எங்கள் காலத்தில் ஒரு வவுச்சரில் கூட்டல் தப்பினால் ஆடிட்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விளக்கம் கேட்பார். ஒரு சிப்பாயின் ஓய்வூதியம் அந்த வவுச்சரைவிடக் குறைந்ததா என்ன?